யாரோடு யாரை விடுவது?

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு கெமிஸ்ட் இருந்தார். மருந்து தயாரிப்பவர்களின் சங்கக் கட்டடமான அப்போதிகரீஸ் ஹாலில் உத்தியோகம். நாள் பூராவும் அமிலம், உப்பு, குடுவை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு 1849-ம் வருஷம் இரண்டு தங்கமீன்கள் தேவைப்பட்டன.

அழகுக்கு அல்ல. ஒரு கணக்கு டேலி ஆகிறதா என்று பார்க்க.

கண்ணாடி ஜாடியில் மீன் விட்டு வேடிக்கை பார்ப்பது லண்டனுக்குப் புதிதில்லை. 1665-லேயே சாமுவேல் பெப்பிஸ் அப்படியொன்றைப் பார்த்து ரசித்து டைரியில் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நாலு நாள் மறந்தால் மீன் மிதக்கும். வாரிங்டன் யோசித்தது வேறு. மீன் மூச்சு விட்டால் கரியமில வாயு. செடிக்கு அதுதான் சாப்பாடு. வெளிச்சத்தில் செடி திருப்பித் தருவது பிராணவாயு. ஒருத்தர் செலவு இன்னொருத்தருக்கு வரவு. இரண்டு பேரையும் ஒரே பாத்திரத்தில் குடிவைத்தால், தண்ணீரே மாற்றாமல் வண்டி ஓடுமா?

12 காலன் பிடிக்கும் ஒரு கண்ணாடிப் பாத்திரம் எடுத்தார். அடியில் மணல், சேறு, கூழாங்கல். ரிப்பன் மாதிரி நீளமாக இலை விடும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டார். இரண்டு தங்கமீன்களை விட்டார். கொஞ்ச நாள் ஜோராக ஓடியது. பிறகு பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. கண்ணாடியில் பச்சையாக வழவழப்பு படர்ந்தது. தண்ணீர் கலங்கியது.

இங்கேதான் மனிதர் ஒரு காரியம் செய்தார். குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்து உள்ளே போட்டார். நத்தைகள் அழுகல் இலையைத் தின்றன. வழவழப்பைத் தின்றன. தண்ணீர் தெளிந்தது. போதாததற்கு அவை இட்ட முட்டைகளை மீன்கள் தின்றன! துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டால் அவர் கையோடு டிபனும் கொண்டுவந்த கதை. 1850-ல் இதையெல்லாம் எழுதி லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் வாசித்தார் வாரிங்டன். அந்தச் சங்கம் 1841-ல் உருவாவதற்கு ஓடியாடி உழைத்தவரும் இவர்தான்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கட்டுரை ஒரு பேலன்ஸ் ஷீட் மாதிரிதான் தெரிகிறது. இந்தப் பக்கம் மீன், அந்தப் பக்கம் செடி, நடுவில் நத்தை. அடியில் கோடு போட்டுக் கூட்டினால் இரண்டு பக்கமும் ஒரே தொகை. ஆனால் எந்த பேலன்ஸ் ஷீட்டையும் கூட்டல் சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடக்கூடாது. எழுதாமல் விட்டது என்ன என்று பார்க்கவேண்டும். வாரிங்டன் விட்ட ஐட்டம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தார். அங்கே பிறகு வருவோம்.

*

பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த கலால் வரி 1845-ல் ஒழிந்தது. கண்ணாடி மலிவானது. 1853 மே மாதம் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று கண்ணாடித் தொட்டிகளோடு ஒரு தனி வீடு திறந்தார்கள். ஜனம் அம்மியது. அடுத்த வருஷமே ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆய்வாளர் ‘தி அக்வேரியம்’ என்று ஒரு புத்தகம் போட்டார். அக்வேரியம் என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்க ஆரம்பித்தது அதிலிருந்துதான். இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்துக்கு மீன் தொட்டி ஜுரம் பிடித்தது. வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் என்ற வியாபாரி தொட்டி, செடி, மீன், கடல் தண்ணீர் எல்லாவற்றுக்கும் தடியாக கேட்டலாக் அச்சடித்து விற்றார்.

ஜுரம் எவ்வளவு வேகமாக ஏறியதோ அதே வேகத்தில் இறங்கிவிட்டது. 1860-களின் ஆரம்பத்தில் லாயிட் திவால். 1868-ல் ஜே.ஜி. வுட் என்ற எழுத்தாளர், பத்து தொட்டிகளில் ஒன்பது கைவிடப்பட்டுவிட்டன என்கிற ரீதியில் எழுதுகிறார்.

ஏன்? புத்தகத்தில் போட்டிருந்தபடி செடியும் வைத்தார்கள், நத்தையும் விட்டார்கள். ஆனால் வாரிங்டன் விட்டது சாதுவான இரண்டு தங்கமீன்கள். ஜனங்கள் கையில் கிடைத்ததையெல்லாம் விட்டார்கள். வாய்க்காலில் வலை போட்டால் முதலில் மாட்டுவது ஸ்டிக்கிள்பேக். விரல் நீளம்தான். முதுகில் மூன்று முள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வயிறு சிவக்கும், கூடு கட்டும். கட்டிய பிறகு அந்தப் பக்கம் யார் வந்தாலும் தொலைந்தார்கள். குளத்தில் என்றால் துரத்தப்பட்டவன் ஓடிப்போய்விடுவான். தொட்டியில் எங்கே ஓடுவான்? நாலு பக்கமும் கண்ணாடி.

இந்த ஒரு வரிதான் விஷயமே. ஆற்றிலும் குளத்திலும் மீன்கள் சண்டை போடாமல் இல்லை. தோற்றவன் விலகிப்போக அங்கே இடம் இருக்கிறது. மூன்றடித் தொட்டியில் அது கிடையாது.

*

1869-ல் பாரிஸில் பியர் கார்பொனியே என்பவருக்குச் சீனாவிலிருந்து சில மீன்கள் வந்து சேர்ந்தன. நீலமும் சிவப்புமாகப் பட்டை போட்ட உடம்பு, விசிறி மாதிரி வால். பாரடைஸ் ஃபிஷ் என்று பெயரே வைத்துவிட்டார்கள். சொர்க்க மீன்! தங்கமீனுக்குப் பிறகு ஐரோப்பிய வீட்டுத் தொட்டிக்கு ஆசியாவிலிருந்து வந்த முதல் அழகன்.

அத்தனை மாதக் கப்பல் பயணத்தில் அது மட்டும் எப்படிப் பிழைத்தது? அதற்குச் செவுளுக்கு மேலே இன்னொரு சுவாச உறுப்பு உண்டு. தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோனால் மேலே வந்து காற்றையே ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். வயலிலும் சாக்கடையிலும் கிடந்து பழகிய பிறவி. சயாமின் ஃபைட்டரும் நம் கங்கைச் சமவெளியின் கௌராமியும் இதே குடும்ப வகையறாதான்.

வந்த சொர்க்கவாசி என்ன செய்தார்? நீர்மட்டத்தில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டினார். குடும்பம் நடத்தினார். இன்னொரு ஆணைப் பார்த்தால் கிழித்துத் தோரணம் கட்டினார். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. நீண்ட கப்பல் பயணத்துக்குத் தாக்குப்பிடித்தவைதான் முதலில் கடைக்கு வந்தன. மோசமான குட்டைத் தண்ணீரில், நெருக்கடியில் காலம் தள்ளத் தெரிந்தவை அவை. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த ஆசாமி பரம சாதுவாக இருப்பானா? மீன் வளர்ப்பு என்ற பொழுதுபோக்கு ஆரம்பமே ரவுடிகளோடுதான்.

அதிலும் சயாம் ஃபைட்டரின் கதை தனி. அங்கே அது தொட்டிக்கு வருவதற்கு முன்பே பந்தயக் களத்துக்கு வந்துவிட்டது. இரண்டு ஆண்களை ஒரே பாத்திரத்தில் விட்டுப் பணம் கட்டுவார்கள். ராஜா சும்மா இருப்பாரா? அந்தச் சூதாட்டத்தை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு கஜானாவுக்கு வருமானம் பார்த்தார். இதை உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் தியடோர் காண்டர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் இருந்த டேனிஷ்காரர். 1840-ல் சயாம் மன்னரின் மீன்களில் சில அவர் கைக்கு வந்தன. 2019-ல் தாய்லாந்து அரசு இந்த மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. இன்றைக்கும் கடையில் ஆண் ஃபைட்டர்களை மட்டும் வரிசையாகத் தனித்தனி பாட்டிலில் வைத்திருப்பதன் பின்னணி இதுதான். நூற்றாண்டுக்கணக்காகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்த வம்சம்.

*

அடுத்த கட்டத்தை ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெர்லினில் 1888-ல் ‘ட்ரைட்டான்’ என்று மீன் வளர்ப்பவர்கள் சங்கம் வைத்தார்கள். ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் தென் அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் மீன்கள் வந்தன. 1908, 1909 வாக்கில் கப்பியும் ஏஞ்சலும் வந்து இறங்கின. பிறகு மின்சாரம். ஹீட்டர், ஏர் பம்ப், விளக்கு. பனி கொட்டும் ஊரில், ஹாலில் உட்கார்ந்துகொண்டு அமேசானை வளர்க்கலாம் என்றாகிவிட்டது.

அமேசானை மட்டுமா? பக்கத்திலேயே சுமத்ராவையும், கங்கையையும், சயாமையும். பூமியில் ஒருபோதும் ஒன்றை ஒன்று சந்தித்திருக்க வாய்ப்பே இல்லாத மீன்கள் ஒரே தண்ணீரில் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. ‘கம்யூனிட்டி டேங்க்’ என்று பெயர். ஐ.நா. சபை என்று வைத்திருக்கலாம். அங்கேயும் இதே ராசிதான்.

1930-களின் நட்சத்திரம் நியான் டெட்ரா. பெரு நாட்டு அமேசான் காட்டில் அகஸ்ட் ரபோ என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது. ஒன்றரை அங்குலம் இருந்தால் அதிகம். நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு, இரண்டும் விளக்கு போட்ட மாதிரி மின்னும். 1936-ல் சில நியான்களை ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். சிகாகோ ஷெட் அக்வேரியத்தில் கடைசியாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஐம்பது நூறாகக் கூட்டம் போட்டே திரிகிற மீன் அது. தன் சாதிசனம் ஒருத்தர்கூட இல்லாமல் ஒரு தொட்டியில் தன்னந்தனியாக நின்றது. பார்க்க வந்தவர்களுக்குப் பரம சந்தோஷம்.

இந்த வியாபாரத்தில் எவ்வளவு போட்டி என்பதற்கு ஒரு குட்டிக் கதை. நியானின் அண்ணன் மாதிரி கார்டினல் டெட்ரா என்று ஒன்று. 1956 பிப்ரவரி 20-ம் தேதி லியோனார்ட் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி அதற்கு ஹெர்பர்ட் ஆக்சல்ராட் என்ற பத்திரிகை அதிபரின் பெயரைச் சூட்டிக் கட்டுரை வெளியிட்டார். வெளியானதும் ஆக்சல்ராடின் பத்திரிகையிலேயே! 21-ம் தேதி மையர்ஸும் வைட்ஸ்மனும் அதே மீனுக்கு வேறு பெயர் சூட்டி வெளியிட்டார்கள். ஒரே ஒரு நாள் வித்தியாசம். பஞ்சாயத்து சர்வதேசப் பெயர் கமிஷன் வரை போய், ஆக்சல்ராட் பெயரே நிலைத்தது. அதே ஆக்சல்ராட் பிற்காலத்தில், 2005-ல், வரி மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். மீனுக்கு அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

*

சரி, நம்மூருக்கு வருவோம். சென்னைக்காரர்களுக்கு மீன் என்றால் இரண்டு முகவரி. குழம்புக்குக் காசிமேடு. தொட்டிக்குக் கொளத்தூர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் பக்கம் போனால், குழந்தையைத் தோளில் உட்காரவைத்த அப்பாக்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். காதில் விழுகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: “ஜோடி எவ்ளோண்ணே?”

இந்த ஜோடிக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. வளையலா, கம்மலா? ஏஞ்சல் ஒரு ஜோடி, நியான் ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, கப்பி ஒரு ஜோடி, கௌராமி ஒரு ஜோடி, ஒரு டாங்க் கிளீனர். நோவாவின் பேழைக்கு ஆள் சேர்க்கிற மாதிரி. “எல்லாம் ஒண்ணா இருக்குமாண்ணே?” என்று ஒரு கேள்வியும் கேட்பார்கள். “தாராளமா இருக்கும் சார்.”

இருக்கும்தான். எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லையே.

அந்தக் கூடைக்குள் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஏஞ்சல் கடையில் வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயம் சைஸ். நியானோடு அழகாகச் சுற்றும். ஐந்தாறு மாதத்தில் ஏஞ்சல் உள்ளங்கை அகலம் ஆகிவிடும். நியான் அதே ஒன்றரை அங்குலம். ஒருநாள் காலையில் ஸ்டாக் எடுத்தால் நியான் குறைகிறது. பிணம் இல்லை, தடயம் இல்லை. ஏஞ்சல் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் தேவதை என்றுதான் தோன்றும். அமேசான் பகுதியில் அது சின்ன டெட்ராக்களைத் தின்றுதான் வளர்கிறது. அதன் பார்வையில் நடந்தது குற்றமே இல்லை, காலை டிபன். மீனுக்குக் கை கிடையாது, கடித்துப் பங்கு போடத் தெரியாது. பெரும்பாலான மீன்களுக்குச் சட்டம் ஒன்றுதான். வாய்க்குள் நுழைந்தால் அது சாப்பாடு. ஆகவே கடையில் பார்க்கவேண்டியது இன்றைய சைஸை அல்ல, வளர்ந்த பிறகு அதன் வாய் எவ்வளவு என்பதை.

டைகர் பார்ப் இன்னொரு மாதிரி. தின்னாது, சீண்டும். மற்ற மீனின் நீண்ட துடுப்பைக் கண்டால் அதற்குக் கை அரிக்கும். கை இல்லாததால் வாயால் கடித்துப் பார்க்கும். ஏஞ்சலின் பட்டு இழை போன்ற துடுப்புகள் பத்து நாளில் சீப்பு மாதிரி ஆகிவிடும். இதற்கு என்ன வைத்தியம் தெரியுமா? டைகர் பார்பைக் குறைப்பதல்ல, கூட்டுவது! அது கூட்டமாக வாழ்கிற மீன். எட்டுப் பத்து பேராக இருந்தால் சீண்டலும் துரத்தலும் தங்களுக்குள்ளேயே நடக்கும், யார் பெரியவன் என்று அங்கேயே பஞ்சாயத்து பேசிக்கொள்வார்கள். ஒரு ஜோடியாக விட்டால் அந்த வம்பு முழுக்க அடுத்த வீட்டுக்காரன் தலையில் விடிகிறது. அப்படியும் ஏஞ்சலோடு வேண்டாம் என்பதே என் கட்சி. நியானும் அப்படித்தான், ஆறு பேருக்குக் குறைந்தால் பயந்து மூலையில் ஒடுங்கி நிறம் வெளுத்துவிடும். இரண்டு வாங்குவதற்கு வாங்காமலே இருக்கலாம்.

*

யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு தபால் வண்டி வருகிறது. 1930-கள். ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகம். நிகோ டின்பர்கன் ஜன்னலோரமாகத் தொட்டிகளை வரிசையாக வைத்து ஆண் ஸ்டிக்கிள்பேக்குகளை வளர்த்துவந்தார். லண்டன் வாய்க்காலில் மாட்டிய அதே முள் மீன். தூரத்துச் சாலையில் சிவப்பு நிறத் தபால் வேன் போகும்போதெல்லாம் எல்லாத் தொட்டி மீன்களும் ஜன்னல் பக்கம் பாய்ந்தன. வேன் நகர நகர, கண்ணாடியோடு ஒட்டியபடி கூடவே விரட்டின!

டின்பர்கன் சிரித்துவிட்டுப் போகவில்லை. மெழுகிலும் மரத்திலும் பொம்மை மீன்கள் செய்து தொட்டியில் காட்டினார். அச்சு அசலாக ஸ்டிக்கிள்பேக் மாதிரியே இருந்த, ஆனால் அடிவயிறு சிவக்காத பொம்மையை மீன்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. மீன் மாதிரியே இல்லாத, அடிப்பக்கம் மட்டும் சிவப்பு பூசிய கட்டைகள் மேல் ஆவேசமாகப் பாய்ந்தன. எதிரி என்பது ஓர் ஆள் அல்ல, ஓர் அடையாளம். அடிப்பக்கச் சிவப்பு.

இவருடைய நண்பர் கொன்ராட் லாரன்ஸ், கடல் பவளப்பாறை மீன்களை ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார். வேறு வேறு இனங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் சகித்துக்கொண்டன. ஒரே இனத்து இரண்டு மீன்கள்தான் உயிர் போகும்வரை மோதின. காரணம் சிம்பிள். எனக்கு வேண்டிய அதே சாப்பாடு, அதே பொந்து, அதே பெண் யாருக்கு வேண்டும்? என் மாதிரியே இருக்கிறவனுக்குத்தான். 1963-ல் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். அவர் அதை அப்படியே மனுஷன் வரைக்கும் நீட்டியதில் பலருக்கு உடன்பாடில்லை, எனக்கும் இல்லை. மீனைப் பற்றிச் சொன்னது மீன் தொட்டிக்குப் பொருந்துகிறது, அதுவரை எடுத்துக்கொள்ளலாம். 1973-ல் டின்பர்கன், லாரன்ஸ், தேனீ ஆராய்ந்த கார்ல் ஃபான் ஃப்ரிஷ் மூன்று பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது கடைக்குத் திரும்பினால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும். ஃபைட்டரோடு ஆண் கப்பியை ஏன் விடக்கூடாது? தொங்கும் வண்ண வாலைப் பார்த்து அதையும் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக்கொள்கிறது. ஃபைட்டரோடு கௌராமி ஏன் ஆகாது? ஒன்றுவிட்ட பங்காளி. சாயல் ஒன்று, மேல்மட்டத் தண்ணீர்தான் இரண்டு பேருக்கும் வேண்டும். அதே ஃபைட்டரை அடிமட்டத்தில் மீசையால் மண் கிளறிக்கொண்டிருக்கும் கோரிடோரஸ் கெளுத்திகளோடு விடுங்கள், பெரும்பாலும் தகராறு இல்லை. சாயலும் இல்லை, தளமும் வேறு. அபார்ட்மெண்ட்டில் மாடிவீட்டுக்காரரோடு வருகிற சண்டையைவிட, ஒரே பார்க்கிங் இடத்துக்கு நிற்கிறவரோடு வருகிற சண்டைதானே பெரிசு?

இந்த விதியைத் தலைகீழாக மடக்கியவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வரும் வண்ண வண்ண சிக்லிட் மீன்கள் பரம முரடு. இரண்டு மூன்றாக வைத்தால் ஒன்று மற்றவற்றைக் கொன்றுவிட்டு ராஜாவாகிவிடும். வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால் வேண்டுமென்றே நெருக்கமாக நிறைய விடுகிறார்கள். யாரை அடிப்பது என்று ரவுடிக்கே குழம்பிப்போகிறது. அடி பத்து பேருக்குப் பிரிந்து யாரும் சாவதில்லை. ஆனால் இதற்கு ராட்சச ஃபில்டர் வேண்டும், பெரிய தொட்டி வேண்டும். இரண்டடித் தொட்டிக்காரர்கள் விஷப்பரீட்சையில் இறங்கவேண்டாம்.

தண்ணீர் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நியான் வந்தது உப்பில்லாத, லேசான புளிப்புள்ள காட்டாற்றுத் தண்ணீரிலிருந்து. மோலிக்கும் கப்பிக்கும் நம் போர் தண்ணீர் மாதிரி கடினத் தண்ணீர்தான் கொண்டாட்டம். தங்கமீன் குளிர்ப் பிரதேசத்துக்காரர், டிஸ்கஸுக்கோ 28 டிகிரிக்குக் கீழே போனால் முகம் வாடிவிடும். பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மீன்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ரொம்ப அல்ல. தண்ணீர் ஒத்துப்போகாத இரண்டு பேர் சண்டையே போடமாட்டார்கள். ஒருவர் சத்தமில்லாமல் செத்துப்போவார்.

*

அந்தக் கூடையில் டாங்க் கிளீனர் என்று ஒன்று இருந்ததல்லவா? உறிஞ்சு வாய் கொண்ட தென் அமெரிக்கக் கெளுத்தி. கடையில் சுண்டுவிரல் சைஸ். அழுக்கையெல்லாம் தின்றுவிடும் என்று சொல்லி விற்பார்கள். வாரிங்டனின் நத்தைக்கு வாரிசு. அது பாசியைத் தின்னும், உண்மை. தின்றுவிட்டு நீளம் நீளமாகக் கழிந்தும் வைக்கும், அதை யாரும் சொல்வதில்லை. ஒன்றரை அடி வரை வளர்ந்து தொட்டியைப் புரட்டிப் போடுகிற கட்டத்தில் வீட்டுக்காரர் பாவ புண்ணியம் பார்த்து ஏரியில் கொண்டுபோய் விடுகிறார். அப்படி விடப்பட்டவையும் பண்ணைகளிலிருந்து தப்பியவையும் இன்று தமிழ்நாட்டு ஏரிகளிலும் கேரளத்து நீர்நிலைகளிலும் பெருகிக் கிடக்கின்றன. உடம்பு முழுக்க எலும்புக் கவசம். மீனவர் வலையைக் கிழிக்கிறது. வாங்க ஆளில்லை.

சரி, கழிவைத் தின்று தீர்க்கும் மீன் என்று ஒன்று கிடையாது. அப்படியானால் தொட்டியை யார்தான் சுத்தம் செய்வது? வாரிங்டனின் பேலன்ஸ் ஷீட்டில் விடுபட்ட ஐட்டம் இதுதான்.

மீன் கரியமில வாயு மட்டுமா விடுகிறது? செவுள் வழியாக அம்மோனியாவையும் விடுகிறது. கொஞ்சம் கூடினாலும் மீனுக்கு விஷம். 1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நீளக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாற ஆரம்பித்தது. மேலே குளோரோஃபார்ம் ஊற்றினார்கள், மாற்றம் நின்றுவிட்டது. மயக்க மருந்துக்கு நின்றுபோகிறது என்றால் அந்த வேலையைச் செய்வது ரசாயனம் அல்ல, உயிர்!

இதைப் படித்துவிட்டு இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் வருஷக்கணக்காக இதே ஆராய்ச்சியில் உட்கார்ந்தார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் இரண்டு படியாக மாறுகிறது, இரண்டையும் செய்வது வேறு வேறு கிருமிகள் என்று காட்டினார். கிருமியைப் பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. 1890-ல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் முந்திக்கொண்டுவிட்டார். ராத்தம்ஸ்டெட்காரரின் பெயர் ராபர்ட் வாரிங்டன். அதே பெயர், அதே குடும்பம். தங்கமீன் கெமிஸ்ட்டின் மூத்த மகன். அப்பா தொட்டியில் நத்தை விட்ட வருஷம் இவருக்குப் பத்துப் பதினொரு வயசு. அப்பா 1867-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தன் தொட்டி அடி மணலில் குடியிருந்தவர்கள் யார் என்று தெரியாமலே.

பெரிய வாரிங்டனின் செடி–மீன் கணக்கு அதற்குப் பிறகும் நெடுநாள் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 1949-ல் நியூயார்க்கில் ஜேம்ஸ் ஆட்ஸ் என்ற மீன் விஞ்ஞானி அது ஒரு கட்டுக்கதை என்றே எழுதினார். இரவில் செடியும் பிராணவாயுவைத்தான் செலவழிக்கிறது, தொட்டிக்கு வேண்டிய காற்று பெரும்பாலும் நீர்ப்பரப்பு வழியாகத்தான் வருகிறது என்பது வாதம். கிருமிகளின் பட்டியலும் மாறிக்கொண்டே வருகிறது. நைட்ரைட்டைத் தின்பவர் நைட்ரோபாக்டர் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. 1998-ல் மரபணு வைத்துத் தேடியபோது அக்வேரியங்களில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு ஜாதி.

ஆக, எந்த மீனோடு எந்த மீன் என்ற கேள்விக்கு முன்னால் குடியேறவேண்டிய கூட்டம் ஒன்று இருக்கிறது. கடையில் விற்காது, கண்ணுக்கும் தெரியாது. ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் அது ஊன்றிக்கொள்ளச் சுமாராக மூன்றிலிருந்து ஆறு வாரம். பிரெஞ்சுக்காரர்களின் இருபது நாள் ஞாபகமிருக்கிறதா? அதனால்தான் விவரமானவர்கள் முதலில் தொட்டியும் செடியும் வைத்து ஃபில்டரை ஓடவிட்டு, இரண்டு மூன்று திடமான சின்ன மீன்களோடு தொடங்குகிறார்கள். வாரங்கள் கழித்துக் கூட்டமாக வாழும் மீன்கள், இடம் பிடித்துச் சண்டை போடும் ஆசாமிகள் கடைசியில். முதலில் வந்தவன் தொட்டி முழுக்கத் தனக்கே பட்டா என்று நினைத்துக்கொள்வான் என்பதால் இந்த வரிசை.

கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடப்பது வேறு. தொட்டி, ஸ்டாண்டு, கலர் கல், பிளாஸ்டிக் செடி, புதையல் பெட்டி, ஏழு ஜோடி மீன், எல்லாம் ஒரே ஆட்டோவில் ஏறுகின்றன. மத்தியானம் தண்ணீர் ரொப்பி, சாயங்காலம் மீன் விட்டு, ராத்திரி லைட்டை அணைத்துக் குழந்தைக்குக் காட்டியாகிவிட்டது. புதன்கிழமை தண்ணீர் லேசாகப் புகை மாதிரி மங்கும். வெள்ளிக்கிழமை நியான் இரண்டும் மேலே மிதக்கும். அடுத்த ஞாயிறு அதே அப்பா, அதே குழந்தை, அதே கடை.

“நியான் ரெண்டு செத்துப்போச்சுண்ணே.”

“அது வீக்கான மீனு சார். இன்னொரு ஜோடி போட்டுக்குங்க.”